மூன்று தரம் கூப்பிட்டால்

மதினியின் உள்ளங்கை என் வாயை மூடியிருந்தது.

அந்தக் கையில் ஏலக்காய் வாசம். எத்தனை கழுவினாலும் போகாத வாசம். கை சில்லிட்டுக் கிடந்தது. பிடி மட்டும் இறுக்கம். என் பல் என் உதட்டிலேயே பதிந்தது.

மேலே, பனிமூட்டத்துக்குள், யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"அஞ்சலே..."

ஒரே தரம்.

நாங்கள் இரண்டு பேரும் ஓடைக்குள் இருந்தோம். மதினியின் வலது கால் இரண்டு பாறைக்கு நடுவில் மாட்டிக் கிடந்தது. இழுத்துப் பார்த்தாயிற்று. வரவில்லை. நிற்க முடியாமல் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் அவள் இடுப்புக்கு மேல் வந்திருந்தது. மேல்மலையில் மழை. இன்னும் ஏறும்.

கூப்பிட்டது அண்ணன் குரல் மாதிரி இருந்தது. மதினிக்கு அதுதான் பயம்.

"பேசாத. இன்னும் ரெண்டு தரம் கூப்பிடட்டும்" என்றாள் காதோடு.

காத்திருந்தோம்.

இரண்டாம் தரம் கேட்கவில்லை.

ஏலக்காடு

போன கிழமை இந்தப் பத்தியில் அட்டைக்கடியைப் பற்றிச் சொன்னேன். இந்தக் கிழமை சத்தம்.

புதிதாய்ப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காட்டில் வழி தவறினால் உயிரோடு திரும்புவது எப்படி என்று ஆட்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என் தொழில். அதற்கு முன்னால் தோட்டத்தில் கொழுந்து எடுத்தேன். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. நான் சொல்கிறேன், அண்ணன் மகள் ராணி எழுதுகிறாள். அவள் எதையாவது அழகாக எழுதிவிட்டால் வெட்டச் சொல்வேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் ரத்தோட்டை ஊருக்கு மேலே. எழுபதுகளின் தொடக்கம். மாவு இல்லை, அரிசி இல்லை. கடைக்கு முன்னால் விடியுமுன்னே வரிசை நிற்கும். தோட்டத்தில் கிழமையில் பாதி நாள்தான் வேலைக்குப் பேர் விழும். மற்ற நாள் எங்கள் வரிசை வீடான லயத்தில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கை அவிக்க வேண்டியதுதான். அதுவும் கிடைத்தால்.

அப்போதுதான் ஏலக்காட்டு வேலைக்கு ஆள் கேட்டு வந்தார்கள். தோட்டத்துக்கு மேலே மலை. மலையில் பெருங்காடு. பெரிய மரங்களை விட்டுவிட்டு, அதன் காலடியில் ஏலம் வைத்திருந்தார்கள். உள்ளே போனால் பகலிலும் மங்கல்.

ஏலக்காய் உயரத்தில் காய்க்காது. செடியின் அடியில், மண்ணோடு மண்ணாய்க் காய்க்கும். குனிந்த குனிப்பு நிமிராமல் பறிக்க வேண்டும். மண்ணெண்ணெய்த் தகரத்தைப் பாதியாய் வெட்டி, விளிம்பை மடித்து, கயிறு போட்டு இடுப்பில் கட்டியிருப்போம். காய் அதில் விழும்போது டக் டக்கென்று கேட்கும். பக்கத்தில் ஆள் இருக்கிறாள் என்பதற்கு அதுதான் அடையாளம். செடி தலைக்கு மேல் நிற்கும். ஆளை ஆள் பார்க்க முடியாது.

மதினி என்கிறேனே, என் அண்ணன் சிவலிங்கத்தின் பெண்சாதி. பெயர் பாக்கியம். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டு எங்களோடு வருவாள். அண்ணனுக்கும் அதே காட்டில்தான் வேலை. ஏலக்காய் மூட்டையைக் காயவைக்கிற போறணைக்குச் சுமந்து போக வேண்டும்.

பேய்க்கு எண்ணத் தெரியாது

எங்கள் கூட்டத்துக்கு ராமையா கங்காணி. குட்டை ஆள், பெரிய குரல். காட்டு வாசலில் ஒரு மரம் உண்டு. அதில் ஆளுக்கொரு கொப்பு முறித்துத் தொங்கவிட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போக விடுவார். சிங்கள ஆட்களும் அதே மரத்தில்தான் கொப்புப் போடுவார்கள்.

கொப்புப் போட்ட பிறகு ஒவ்வொரு நாளும் இதைச் சொல்வார்.

"காட்டுக்குள்ள யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டா ஒடனே ஏன்னு கேட்டுறாதீங்க. மூணு தரம் கூப்பிடணும். பேய்க்கு எண்ணத் தெரியாது. ஒண்ணு, ரெண்டோட அலுத்துரும்."

பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். "அப்ப எங்க ஊட்டுக்காரரும் பேய்தான் கங்காணி. ஒரு தரத்துக்கு மேல கூப்பிட மாட்டாரு. மறுதரம் கைதான் பேசும்."

எல்லாரும் சிரித்தோம். கங்காணியும் சிரித்தார்.

மதினி சிரிக்கவில்லை.

அவளுக்கு ராணிக்கு முன்னால் ஒரு பையன் பிறந்தான். அவன் தவழ்கிற நேரத்தில் ஒருநாள் விறகுக்குப் போனாள். காட்டோரத்தில் யாரோ "பாக்கியம்" என்று கூப்பிட்டார்கள். அவளுடைய அம்மாவின் குரல் மாதிரி இருந்ததாம். "ஏம்மா?" என்று திரும்பினாள். யாரும் இல்லை. அம்மா அப்போது உக்குவளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தாள்.

அந்த மாதமே பையனுக்குக் காய்ச்சல் வந்தது. மருந்துக்காம்பராவில் தண்ணீர் மருந்து கொடுத்தார்கள். போய்விட்டான்.

லயத்தில் எல்லாரும் அந்தப் பதில்தான் காரணம் என்றார்கள். பால் கொடுக்கிறவள் பதில் சொன்னால் அது பிள்ளையைத் தேடி வீட்டுக்கு வந்துவிடுமாம். வெறும் காய்ச்சல்தான் என்று நான் நினைத்தேன். அவளிடம் சொன்னதில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது.

பால் கட்டியது

அன்று பகல் ரொட்டி தின்ற பிறகு மூட்டம் இறங்கியது. ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து வரும். முதலில் மரத்தின் தலை போகும். பிறகு மரம் போகும். கடைசியில் பக்கத்தில் குனிந்திருக்கிறவள் போவாள்.

மதினிக்குப் பால் கட்டிவிட்டது. சட்டை நனைந்து, மார் கல்லாகி, கையைத் தூக்க முடியவில்லை.

"அஞ்சல, கூட வா. ஓடைக்குப் போயிட்டு வந்துருவோம்."

"இங்கயே மறைவுல பீச்சிட்டு வாங்க மதினி. இந்த மூட்டத்துல யாரு பாக்கப் போறா?"

"மண்ணுலயா? யாராச்சும் மிதிச்சிருவாங்க. எறும்பு மொய்ச்சா பாலு வத்திரும். ஓடுற தண்ணில விட்டாத்தான் ஊறும்."

எங்கள் பெண்கள் அப்படித்தான். தாய்ப்பாலைக் கால் படுகிற மண்ணில் விடமாட்டார்கள்.

இந்த இடத்தில் ராணி பேனாவை நிறுத்தினாள்.

"இதெல்லாம் எழுதணுமா அத்தை?"

"எழுது. அது ஒன் பாலு."

எழுதினாள்.

கங்காணியிடம் சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். ஆம்பிளையிடம் என்னவென்று சொல்வது? சொல்லாமலே இறங்கினோம். சரிவு செங்குத்து. ஏலச்செடியைப் பிடித்துப் பிடித்து இறங்க வேண்டும். கீழே போகப் போக ஓடைச் சத்தம் பெரிதாகி, மேலே பறிக்கிறவர்களின் டக் டக் இல்லாமல் போனது.

ஓடை முழங்கால் ஆழம்தான். தெளிந்த தண்ணீர். மதினி நடுவில் போய் ஒரு கல்லில் நின்றாள். பார்க்கக் கூடாதென்று நான் முதுகைக் காட்டி நின்றேன். குனிந்து பார்த்தால் என் காலடியில் வெள்ளையாய் ஒரு கோடு ஓடிப் போனது.

பிறகு கல் புரண்ட சத்தம். மதினி ஒரு தரம் கத்தினாள். அவ்வளவுதான்.

தண்ணீரின் நிறம்

கால் கணுக்காலுக்கு மேல்வரை உள்ளே போயிருந்தது. ஒரு பாறை ஆட்டுக்கல் அளவு இருந்தால் புரட்டியிருப்பேன். இது மாடு படுத்திருக்கிற மாதிரி. மற்றதும் அப்படியே.

இழுத்தேன். மதினி பல்லைக் கடித்துக்கொண்டாள். மணலைத் தோண்டிப் பார்த்தேன். கீழேயும் பாறை. ஒரு கொப்பை முறித்து நெம்பினேன். முறிந்தது. இன்னொன்று கொண்டுவந்தேன். அது உளுத்தது.

கால் வீங்க ஆரம்பித்தது. வீங்கினால் இன்னும் வராது.

நெம்பிக்கொண்டிருக்கும்போதே தண்ணீரின் நிறம் மாறியதைப் பார்த்தேன். தெளிந்திருந்தது தேயிலைச் சாயத்தண்ணி மாதிரி ஆனது. எங்கள் தலைக்கு மேல் மழை இல்லை. மூட்டம் மட்டும்தான்.

இலை மிதந்து வந்தது. கொஞ்ச நேரத்தில் குச்சி வந்தது.

இன்றைக்கு என்னிடம் படிக்க வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஓடையில் இலை வந்தால் மேலே மழை, எழும்பு. குச்சி வந்தால் ஓடு. கட்டை வந்தால் ஓடவும் நேரமில்லை. அன்றைக்கு எனக்கு அது தெரியாது. ஏறுகிறது என்று மட்டும் தெரிந்தது.

அப்போதுதான் அந்தக் கூப்பாடு. அப்போதுதான் மதினி என் வாயைப் பொத்தினாள்.

ஆணை

கையை எடுத்ததும் சொன்னேன். "அது அண்ணன் மதினி. ஆளக் காணோமுன்னு தேடுறாங்க."

"அன்னைக்கும் எங்க அம்மா குரல்லதான் கேட்டுச்சு."

"தண்ணி ஏறுது."

"ஏறட்டும். நான் ஏன்னு கேட்டா அது என் பின்னாலயே லயத்துக்கு வரும். அங்க புள்ள கெடக்குது."

"நீங்க கேக்க வேணாம். நான் கேக்கிறேன்."

என் கையைப் பிடித்துத் தன் மாரில் வைத்தாள். "நீ தூக்கிட்டுத் திரியுற புள்ளதான அது. அது மேல ஆணை. மூணு தரம் கேக்காம நீ வாய் தொறக்கக் கூடாது."

பிள்ளை மேல் வைத்த ஆணை. நான் என்ன செய்ய?

மறுபடியும் கேட்டது. இந்தத் தரம் கிட்டே.

"பாக்கியம்..."

இரண்டு பேரும் மூச்சை அடக்கினோம். தண்ணீர் இரைந்தது. ஒன்றுதான். அதோடு நின்றது.

மதினி என்னைப் பார்த்தாள். அவளுக்கு இப்போது சந்தேகமே இல்லை.

எனக்கு ஒன்று தோன்றியது. "மதினி, கூப்பிட்டதுக்குப் பதில் சொன்னாத்தான குத்தம். நாமளா கூப்பிட்டா?"

யோசித்தாள். தண்ணீர் அவள் மாரைத் தொட்டது.

"கூப்பிடு" என்றாள். புருஷன் பெயரை அவள் சொல்ல மாட்டாள். நான்தான் கூப்பிட வேண்டும்.

"அண்ணே! அண்ணே! அண்ணே!"

தொண்டை கிழிய மூன்று தரம். வேணுமென்றே எண்ணிக் கூப்பிட்டேன். எங்களையும் பேய் என்று நினைத்துவிடக் கூடாதே.

மேலே ஒன்றுமில்லை. அதுவரை அங்கே இங்கே கேட்ட குரலும் நின்றுபோனது.

வெகுநேரம் கழித்து "பாக்கியம்" என்று கேட்டது. தூரத்தில். அந்தக் குரல் எங்களை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

"பாத்தியா" என்றாள் மதினி. "மனுசனா இருந்தா பதில் சொல்லியிருக்கும்."

முதுகோடு முதுகு

நான் ஏறிப் போய் ஆளைக் கூட்டிவருவதாகச் சொன்னேன். சரி என்றாள். கரைக்கு வந்து திரும்பிப் பார்த்தேன். தண்ணீர் அவளைப் பின்னால் சாய்த்துக்கொண்டிருந்தது. கையை ஊன்ற ஒன்றும் இல்லை. தலை தண்ணீரைத் தொட்டது.

திரும்பி இறங்கினேன்.

அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவள் முதுகோடு என் முதுகை வைத்தேன். எதிரே இருந்த பாறையில் இரண்டு காலையும் உதைத்துக்கொண்டேன். தண்ணீர் அவளைத் தள்ளியது, அவள் என்னைத் தள்ளினாள், நான் பாறையைத் தள்ளினேன். அப்படியே இருந்தோம்.

"நீ போயிரு தாயி" என்றாள்.

"போனா நீங்க சாஞ்சிருவீங்க."

"புள்ளைக்கு நீ இருக்கணுமில்ல."

காலை இன்னும் இறுக்கி உதைத்துக்கொண்டேன்.

குளிர் ஏறியது. கால் என்னுடையதா என்று தெரியவில்லை. இடுப்பில் கட்டிய தகரம் இன்னும் அங்கேயே இருந்தது. காயெல்லாம் மிதந்து போய்விட்டது. தகரம் மட்டும் தண்ணீரில் ஆடி ஆடி என் முழங்காலில் இடித்தது.

மேலேயிருந்து ஒரு குச்சி வந்து அதில் மோதியது.

டங்.

இவ்வளவு இரைச்சலுக்குள்ளும் அது தனியாகக் கேட்டது.

பெரட்டு

எங்கள் அப்பா தோட்டத்தில் பெரட்டுத் தப்பு மேளம் அடித்தவர். பெரட்டு என்றால் காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் பதிகிறது. அதற்கு முன்னால், விடியாத நேரத்தில், அப்பா லயத்துக்கு லயம் தப்படித்துக்கொண்டு போவார். அந்த அடி கேட்டால் தூக்கத்திலேயே கால் கீழே இறங்கும். காய்ச்சல்காரனும் ஒரு தரம் எழும்பித்தான் படுப்பான்.

பொம்பளைப் பிள்ளை தப்பைத் தொடக் கூடாது. நான் சாப்பாட்டுக் கோப்பையைக் கவிழ்த்து வைத்து அடிப்பேன். அண்ணனுக்கு அப்பா ஒழுங்காய்ச் சொல்லிக்கொடுத்தார். நான் கேட்டுக் கேட்டு அடித்தது. வரிசையாய் வந்து, கடைசியில் ஒரு மூச்சு நிறுத்தி, ஒரே ஒரு அடி போட வேண்டும். எனக்கு அந்த மூச்சு நிற்காது. முந்திக்கொண்டு அடித்துவிடுவேன்.

"ஒன் பெரட்டுக்கு எழும்புறவன் சட்டையைக் கால்ல மாட்டிக்கிட்டுத்தான் வருவான்" என்பார் அப்பா. அண்ணன் விழுந்து விழுந்து சிரிப்பான்.

அப்பா செத்த பிறகு பெரட்டுக்களத்தில் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டார்கள். அதைத்தான் இப்போது அடித்தார்கள். தப்புச் சத்தம் கேட்டு வருஷங்கள் ஆகியிருந்தன.

தகரத்தை எடுத்து, கவிழ்த்து, மடியில் வைத்தேன். மடி தண்ணீருக்குள் போயிருந்தது. தூக்கி மாரோடு அணைத்துக்கொண்டேன். ஓடை கொண்டுவந்த குச்சியில் ஒன்றைப் பிடித்தேன்.

அடித்தேன்.

"என்னாடி பண்ற?" என்றாள் மதினி.

"பெரட்டுப் போடுறேன்."

"கிறுக்குப் புடிச்சிருச்சா?"

"வாய் தொறக்கக் கூடாதுன்னுதான ஆணை வச்சீங்க. அடிக்கக் கூடாதுன்னு சொல்லலியே."

அவள் முதுகு என் முதுகில் குலுங்கியது. அழுகையா சிரிப்பா தெரியவில்லை. பிறகு சொன்னாள். "நிறுத்தாத."

குச்சி முறிந்தது. இன்னொன்றைப் பிடித்தேன். விரல் மடங்கவில்லை, இரண்டு கையாலும் பிடித்து அடித்தேன். தண்ணீர் மதினியின் கழுத்துக்கு வந்தது. தலையைப் பின்னால் சாய்த்து என் தோளில் வைத்துக்கொண்டாள். அவள் மூச்சு என் காதுக்குப் பக்கத்தில் சீறியது. அந்த மூச்சு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே அடித்தேன்.

கட்டை வந்தது. ஆள் நீளம். எங்களுக்கு மேல் இருந்த பாறையில் மோதி, ஒரு சுற்றுச் சுற்றி, மதினியை உரசிக்கொண்டு போனது.

நான் முந்திக்கொண்டு கடைசி அடியைப் போட்டேன். மறுபடியும் முதலில் இருந்து.

சரிவில் ஏலச்செடி ஆடியது. உட்கார்ந்தபடியே சறுக்கிக்கொண்டு ஒருவன் மூட்டத்திலிருந்து வெளியே வந்தான். அண்ணன்.

என் பெயரையும் சொல்லவில்லை, மதினி பெயரையும் சொல்லவில்லை. தண்ணீரில் குதித்து மதினியின் தலையைத் தூக்கிப் பிடித்தான். பின்னால் கங்காணியும் இன்னும் இரண்டு பேரும் மூட்டை சுமக்கிற காவுத்தடியோடு இறங்கினார்கள். பாறைக்கு அடியில் தடியைக் கொடுத்து மூன்று பேர் தொங்கினார்கள். பாறை அசைந்ததை நான் பார்க்கவில்லை. மதினி கத்தினதைத்தான் கேட்டேன்.

கால் வந்தது. தோல் அங்கேயே நின்றது.

மேலே நின்றவர்கள்

இருட்டுவதற்கு முன்னால் போறணைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஏலக்காய் காய்கிற சூட்டில் எங்களை உட்கார வைத்தார்கள். மதினியின் காலில் சாக்கைச் சுற்றியிருந்தது. பல் கிடுகிடுவென்று அடித்தது. யாரோ கறுப்புத் தேத்தண்ணி கொடுத்தார்கள். சீனி இல்லை, கருப்பட்டித் துண்டும் இல்லை.

கங்காணிதான் முதலில் பேசினார்.

"ஒவ்வொரு எடத்திலயும் நின்னு மூணு மூணு தரம் கூப்பிட்டோமே புள்ள. ஒனக்கும் கூப்பிட்டோம், அவளுக்கும் கூப்பிட்டோம்."

"ஒண்ணுதான் கேட்டுச்சு" என்றேன்.

கங்காணி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தான்.

"நானும் மூணு தரம் அண்ணேன்னு கூப்பிட்டேன்."

"ஒண்ணுதான் கேட்டுச்சு" என்றார் கங்காணி. "இவன் பதில் சொல்லப் போனான். நான்தான் கையைப் புடிச்சேன். பேசாதடா, ஒரு தரந்தான் கேட்டுச்சு, புள்ளைக்காரன் நீன்னு சொல்லி இழுத்துட்டுப் போனேன்."

ஓடை அப்படித்தான். காற்று ஒரு பக்கம் திரும்பும்போது ஒரு கூப்பாட்டைக் கடத்திவிடும். மற்ற இரண்டையும் தின்றுவிடும். கீழே இருந்து மேலே போகிறதற்கும் அதே கதி. இப்போது என்னிடம் வருகிற பிள்ளைகள் விசில் கொண்டுவருகிறார்கள். மூன்று தரம் ஊதினால் ஆபத்து என்று எல்லா நாட்டிலும் வழக்கமாம். நல்ல வழக்கம்தான். கேட்கிறவன் ஒன்றைத்தான் கேட்பான் என்று நினைத்துக்கொண்டு ஊதுங்கள் என்பேன். ஒன்றைக் கேட்டாலும் வாருங்கள் என்பேன்.

கங்காணி தேத்தண்ணியை ஒரு மடக்குக் குடித்தார்.

"தகரச் சத்தம் கேட்டப்ப எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. ஒங்க அப்பனோட பெரட்டு. அச்சு அசல். ஒங்க அப்பன்டா, செத்தும் எங்கள வேலைக்கு எழுப்புறான்னு சொல்லிக் கும்பிட்டேன். இவன் நின்னு கேட்டான். கேட்டுட்டு, அப்பா இல்ல கங்காணி, கடைசி அடி முந்தி விழுது, அது அஞ்சலைன்னான். பேய் அப்பிடி அடிக்கும்டான்னேன்."

"அதுக்கு என்னா சொன்னான்?" என்று கேட்டார் தேத்தண்ணி கொடுத்தவர்.

அண்ணன் தலையைத் தூக்காமல் சொன்னான். "பேயா இருந்தா சரியா அடிச்சிருக்கும்னேன்."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. பிறகு கங்காணி சிரித்தார். பிறகு எல்லாரும்.

சிரிப்பு அடங்கினதும் அண்ணன் மதினியைப் பார்த்தான். அவனுக்கு அப்போதுதான் கோபம் வந்தது.

"தண்ணி கழுத்துக்கு வந்துருச்சு. செத்துப் போயிருப்ப. ஒரு தரம் கேட்டப்பவே ஏன்னு ஒரு சத்தம் குடுத்தா என்னா?"

மதினி நெருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நீங்க குடுத்தீங்களா?"

அண்ணன் எழும்பி வெளியே போய் நின்றான். வெகுநேரம் உள்ளே வரவில்லை.

ரொட்டித் தகடு

அண்ணன் மதினியை முதுகில் சுமந்து லயத்துக்குக் கொண்டுவந்தான். பின்னால் எதுவும் வந்துவிடாமல் இருக்க வாசலில் வைக்கோலைக் கொளுத்தச் சொன்னாள். அவளைத் தூக்கியபடியே அண்ணன் அதைத் தாண்டினான். அதன் பிறகுதான் ராணியைக் கையில் வாங்கினாள். மருந்துக்காம்பராக்காரர் வந்து காலைப் பார்க்க நின்றார். பிள்ளை குடித்து முடிக்கிறவரை அவரை நிற்க வைத்தாள்.

எலும்பு கூடியது. நேராகக் கூடவில்லை. அந்தக் கால் இன்றைக்கும் பக்கவாட்டில்தான் விழும். கொழுந்துக்குப் போக முடியவில்லை. அவள் பிள்ளையோடு வீட்டில் இருந்தாள், நான் இரண்டு பேருக்குமாய்ச் சேர்த்துக் காட்டுக்குப் போனேன். காடு எனக்குப் பழகினது அப்படித்தான். படிக்கப் போகவில்லை. மாவு வாங்கப் போனேன்.

மூன்று தரம் கூப்பிடுகிற வழக்கத்தை மதினி விடவில்லை. இன்றைக்கும் வாசலில் யாராவது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது வரை உட்கார்ந்திருப்பாள். தபால்காரர் பொறுமை இழந்து போய்விட்டதும் உண்டு.

ஆனால் அன்றிலிருந்து என்னை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ரொட்டி சுட்டு முடிந்தால் அகப்பைக் காம்பால் தகட்டைத் தட்டுவாள். என்னிடம் கேட்டுப் பழகினவள்தானே. கடைசி அடி அவளுக்கும் முந்தித்தான் விழும்.

இதோ, அடுப்படியில் தட்டுகிறாள். ராணி பேனாவை மூடுகிறாள்.

"இன்னும் முடியலியே அத்தை" என்கிறாள்.

நான் எழுந்துவிட்டேன்.